அண்ணாமலையார் போகும் வழியில் ஒரு சைக்கிள்

திருவண்ணாமலைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அண்ணாமலையார் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற சாமி இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை அவரே மலையைச் சுற்றி வருவார். கார்த்திகை தீபத்துக்குப் பிறகு ஒரு முறை, தையில் திருவூடல் முடிந்து ஒரு முறை. அது போதாதென்று தை, மாசி இரண்டு மாதத்துக்குள் மூன்று முறை ஊர் எல்லையைத் தாண்டிக் கிராமங்களுக்குப் போய்விடுவார். தை ஐந்தாம் தேதி ஆற்றுத் திருவிழாவுக்கு மணலூர்பேட்டைக்குப் போய்த் தென்பெண்ணையில் தீர்த்தவாரி. ரத சப்தமியன்று கலசப்பாக்கத்துக்குப் போய்ச் செய்யாற்றில் தீர்த்தவாரி. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் வல்லாள மகாராஜாவுக்குத் திதி. வழியில் உள்ள ஊர்க்காரர்கள் வாசல் தெளித்து, கோலம் போட்டு, தேங்காய் பழத்தோடு காத்திருப்பார்கள். நின்று நின்றுதான் போவார். அவசரமே கிடையாது.

இந்தப் பக்கத்தில் சைக்கிளில் சுற்ற எந்த வழி நல்ல வழி என்று யாராவது கேட்டால் நான் இந்த மூன்று வழிகளைத்தான் சொல்வேன். சாமி தேர்ந்தெடுத்த மாதங்களும் சைக்கிளுக்கு ஏற்ற மாதங்கள்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பி, மார்கழிப் பனி இறங்கி, தை பிறக்கும்போது காலை ஒன்பது மணி வெயில்கூட உடம்புக்கு இதமாக இருக்கும். பங்குனி பிறந்துவிட்டால் தார்ச்சாலை அனலைக் கக்க ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு ஆடிக் காற்று ஓயும்வரைக்கும் விடியற்காலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

திருவண்ணாமலையில் சைக்கிள் என்றால் எல்லோருக்கும் கிரிவலப் பாதைதான் ஞாபகம் வரும். 14 கிலோமீட்டர் நல்ல ரோடு, எட்டு லிங்கங்கள், வழியெல்லாம் டீக்கடை. காலையில் ஹெல்மெட்டும் பளபளக்கும் உடுப்புமாகக் கூட்டமாகச் சுற்றுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அதில் பாதிப்பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மிதிக்கிறார்கள், ஒரு சுற்று எத்தனை நிமிடம் என்று. பக்கத்தில் அடிஅண்ணாமலை கோயில் இருக்கிறது, இறங்கி ஒரு கும்பிடு போடுவதில்லை. நான் சொல்ல வருவது வேறு மாதிரிப் பயணம். காலையில் கிளம்பி, முப்பது நாற்பது கிலோமீட்டர் போய், கண்ட இடத்தில் இறங்கி, பேசி, சாப்பிட்டு, இருட்டுவதற்குள் ஊருக்கோ அடுத்த ஊருக்கோ போய்ச் சேர்வது.

இதற்குப் பிரான்சில் ஒரு பெரிய மரபே இருக்கிறது. பால் தெ விவி என்று ஒருவர், 1853இல் பிறந்தவர். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். சான் எத்தியென் என்ற தொழில் நகரத்தில் இருந்துகொண்டு 1880களிலேயே சைக்கிள் பத்திரிகை நடத்தினார். பந்தயத்துக்கு இல்லாமல் ஊர் பார்க்க சைக்கிள் ஓட்டுவது என்ற எண்ணத்தையே அங்கே வேரூன்றச் செய்தவர் அவர்தான். மலையேறுவதற்குத் தோதாகச் சைக்கிளில் பல கியர்கள் வேண்டும் என்று விடாமல் வாதாடியவரும் அவரே. இறைச்சி தொடாதவர். சைக்கிள் பயணிகளுக்கென்று சில கட்டளைகளை வகுத்து வைத்தார். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: அரிதாகவே நில், அதுவும் சற்று நேரமே நில். பசி வருவதற்கு முன் கொஞ்சம் சாப்பிடு, தாகம் எடுப்பதற்கு முன் குடி. உடம்பு ஓய்ந்து விழும் அளவுக்கு மிதிக்காதே. அடுத்தவர் பார்க்கட்டும் என்பதற்காக ஒருபோதும் மிதிக்காதே. அந்தக் கடைசிக் கட்டளைக்காகவே அவர் எனக்குப் பிடித்த மனிதர். 1930இல் தெருவில் டிராம் மோதி இறந்தார்.

ரமணாசிரமத்துப் பக்கம் குளிர்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய வந்து தங்குவார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு என்னோடு சாத்தனூர் பக்கம் வந்தார். அவர் ஊருக்குப் பக்கத்தில் ஓடும் கால்வாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். கனால் துய் மிதி. தூலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம்வரை 240 கிலோமீட்டர். பியேர் போல் ரிக்கே என்பவர் முன்னின்று வெட்டி, 1681இல் திறந்தது. அந்தக் காலத்தில் படகைக் குதிரை கட்டி இழுப்பார்கள். குதிரை நடப்பதற்காகக் கரையில் ஒரு பாதை. படகுக்குக் குதிரை வேண்டாம் என்று ஆனபின் அந்தப் பாதையில் சைக்கிள்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், மேடு பள்ளம் கிடையாது, லாரி கிடையாது.

அவர் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் ஓர் ஏரிக்கரை மேல் ஏறியிருந்தோம். இடது பக்கம் தண்ணீர் ததும்ப நிற்கிறது. வலது பக்கம் பத்தடி கீழே நெல்வயல். கரை நெடுக பனைமரம். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்த்தார். "இதைவிட வேறென்ன வேண்டும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

உண்மையாகவே வேறொன்றும் வேண்டாம். திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் ஏரிக்கரைதான் சைக்கிள்காரனுக்குக் கிடைத்த ராஜபாட்டை. பல்லவர் காலத்திலிருந்து வெட்டிய ஏரிகள். ஒன்றின் கலங்கல் வழிந்து அடுத்ததற்குப் போகும், அது வழிந்து அதற்கும் அடுத்ததற்கு. கரையைப் பிடித்துக்கொண்டு போனால் மதகு வரும். மதகு வந்தால் கீழே ஊர் இருக்கும். ஊர் இருந்தால் கரைமேல் ஐயனாரோ பச்சையம்மனோ இருப்பாள். அங்கே வேப்ப மரத்தடியில் படுக்க இடம் இருக்கும், பக்கத்தில் அடிபம்போ குழாயோ இருக்கும். பயணிக்கு வேண்டிய அத்தனையும் ஒரே வரிசையில் இருக்கிறது. நாம் அதை வழியாக நினைக்காததால் கரைகள் சீமைக்கருவேலத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நூறுநாள் வேலையில் கரையைச் செதுக்கிய வருஷம் சைக்கிள் போகும், அடுத்த வருஷம் முள் மூடிவிடும். ஒரு ஒன்றியத்தில் பத்து ஏரிக்கரைகளை மட்டும் முள் அண்டாமல் வைத்திருந்தால் போதும், அந்த ஒன்றியம் முழுக்க நெடுஞ்சாலையைத் தொடாமல் சுற்றி வந்துவிடலாம். இதற்குக் கோடிக்கணக்கில் திட்டம் எதுவும் தேவையில்லை என்பதுதான் என்னை வருத்துகிற விஷயம்.

முதல் வழிக்கு வருகிறேன். மணலூர்பேட்டை. ஊரிலிருந்து தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தையில் போனால் வழியெல்லாம் கரும்பு வெட்டு. மாட்டுவண்டியும் டிராக்டரும் கரும்பைச் சுமந்துகொண்டு நம் வேகத்திலேயே வரும், ஒடித்து ஒரு துண்டு கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். பனங்கிழங்கு வேகவைத்துக் கட்டுக்கட்டாக விற்பார்கள். மல்லாட்டை பிடுங்குகிற சமயமாக இருந்தால் இன்னும் விசேஷம். வயலோரத்தில் செடியோடு சுட்டுக் கொடுத்த மல்லாட்டையை வெல்லத்தோடு தின்றுவிட்டுச் சைக்கிள் மிதித்தால் மதியம்வரை பசிக்காது. கடையில் விற்கும் சத்து மாவு பிஸ்கட்டெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ரோட்டில் பாதியில் உளுந்துச் செடியோ கேழ்வரகோ பரப்பி வைத்திருப்பார்கள், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. கார்க்காரர்கள் எரிச்சல்படுவார்கள். சைக்கிள்காரன் இறங்கி உருட்டிக்கொண்டு போகலாம், அதற்குள் நாலு பேரோடு பேச்சு வந்துவிடும். "எங்கருந்து வர்றீங்க?", "திருவண்ணாமலையிலருந்தும்மா", "சைக்கிள்லயேவா? ஏம்ப்பா, பஸ் வரலயா?" என்று கேட்ட பாட்டி, நான் சும்மா சுற்றிப் பார்க்க வந்தேன் என்றதும் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு பேரன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன கதையைச் சொன்னார். சொம்பை வாங்கும்போது, "சாமி மட்டுந்தான் இந்த வழியா சும்மா வரும். மத்தவங்க எல்லாம் ஏதாச்சும் வேலையாத்தான் வருவாங்க" என்றார். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் இந்த மூன்று வழிகளையும் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்தது.

மணலூர்பேட்டையில் தென்பெண்ணை அகலமாக ஓடுகிறது, அல்லது அகலமாக மணலாகக் கிடக்கிறது. மேலே சாத்தனூர் அணை 1958இல் கட்டியது. அணை திறந்தால் ஆறு, மூடினால் மணல். அந்த ஆற்றுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை 2024 டிசம்பரில் எல்லோரும் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் மழையில் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட வேண்டியதாயிற்று. தண்டராம்பட்டு பக்கம் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையில் திறந்து மூன்று மாதம்கூட ஆகாத பாலம் அப்படியே போய்விட்டது. அதே மழையில் இங்கே அண்ணாமலை மலையே சரிந்து ஒரு வீட்டின்மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வாரத்துக்குப் பிறகு ஆற்றங்கரை ஊர்களில் சைக்கிளை நிறுத்தினால் முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். காரில் போகிறவனுக்கு அந்தச் சுவர்கள் தெரியாது.

மணலூர்பேட்டையோடு திரும்பிவிட வேண்டாம். ஆற்றோடு கிழக்கே இறங்கினால் திருக்கோவிலூர். தென்கரையில் திருக்கோவிலூர், வடகரையில் அரகண்டநல்லூர். ஆற்று நடுவில் கபிலர் குன்று. பாரி இறந்தபின் அவன் மகள்களுக்கு ஒரு வழி செய்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட இடம் என்று சொல்லும் பாறை. வெறும் வாய்ப்பேச்சு இல்லை. பக்கத்து வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு அந்தப் பாறையையும் கபிலரையும் பேர் சொல்லிக் குறிக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஊர்க்காரர்கள் அதைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நண்பன் போனபின் இருக்கப் பிடிக்காத ஒரு கிழவருடைய கல் அது. அங்கே போனால் நான் அதிகம் பேசுவதில்லை.

ஆற்றைத் தாண்டி அரகண்டநல்லூர் பாறைமேல் அதுல்யநாதேசுவரர் கோயில். 1896 ஆகஸ்ட் மாதக் கடைசியில், மதுரையிலிருந்து வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பிய வேங்கடராமன் என்ற பதினாறு வயசுப் பையன் விழுப்புரம் வந்து, கையில் இருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டுவரை ரயிலேறி, அங்கிருந்து பத்து மைல் நடந்து இந்தக் கோயிலுக்குத்தான் வந்தான். மறுநாள் கீழூரில் முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் கோகுலாஷ்டமிச் சாப்பாடு. காதில் கிடந்த கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கிக்கொண்டு, ராத்திரி ஸ்டேஷனில் படுத்து, செப்டம்பர் 1 காலை ரயிலில் திருவண்ணாமலை வந்து இறங்கினான். பிறகு உலகமே அவரை ரமணர் என்று அழைத்தது. 1950இல் உடம்பை விடும்வரைக்கும் அவர் இந்த மலையைவிட்டு வேறெங்கும் போகவில்லை.

ரமணரைப் பற்றிப் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அந்தப் பையனின் கடைசி நாற்பது கிலோமீட்டரை மட்டும் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. நான் அதைச் சைக்கிளில் போவதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறேன். அரகண்டநல்லூர் பாறையில் நின்று வடக்கே பார்த்தால், வானம் தெளிவாக இருக்கிற நாளில் அண்ணாமலை நீலமாகத் தெரியும். அங்கிருந்து ஊர் திரும்பும் வழி முழுக்க அந்த மலை நம் முன்னால் இருந்துகொண்டே இருக்கிறது. பனந்தோப்புக்குப் பின்னால் மறையும், ஏரிக்கரையில் ஏறினால் மறுபடி வரும். முதலில் ஒரே கூம்பு. பிறகு தோள்கள் பிரியும். பிறகு நீலம் போய்ப் பாறையும் பச்சையும் வரும். 800 மீட்டரைச் சற்றே தாண்டும் மலைதான், இமயம் ஒன்றுமில்லை. ஆனால் சமவெளியில் தனியாக நிற்பதால் நாலு திசையிலும் அதற்கு நாலு உருவம். பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிற இந்தத் தூரத்தை மூன்று நான்கு மணி நேரம் மிதித்து வரும்போதுதான் அந்த மலை நம்மை நோக்கி வளர்வது தெரிகிறது. நடந்தாலும் தெரியும். ஆனால் நடக்கிறவர்களுக்கு ஒரு நாளில் ஒரு முகந்தான் கிடைக்கும்.

கலசப்பாக்கம் வழி வடக்கே போகிறது. வேலூர் ரோட்டில் நாயுடுமங்கலம்வரை லாரிகளோடு போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். துரிஞ்சாபுரம் பக்கத்து உள் ரோடுகளில் புகுந்து போகலாம், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடும், கூடட்டும். காலை எட்டு மணிக்கு அந்த ரோடுகள் பள்ளிப் பிள்ளைகளுடையவை. அரசு கொடுத்த சைக்கிளில், இரட்டைச் சடையும் புத்தகப் பையுமாக, மூன்று மூன்று பேராக ரோட்டை அடைத்துக்கொண்டு பேசியபடி போவார்கள். நம்மைப் பார்த்ததும் ஒரு பெண் பிள்ளை கேட்பாள்: "அண்ணா, இதுல எத்தன கியர்ண்ணா?" சொல்வதற்குள் முந்திக்கொண்டு போய்விடுவாள்.

அந்தச் சைக்கிளை யாரும் லேசாக நினைத்துவிடக் கூடாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்துப் பிறகு எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்த திட்டம். அதற்கு முன்னோடி புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அங்கே ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டிப் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய கட்டுரையால் அது உலகத்துக்கே தெரிந்தது. பெண்கள் சைக்கிளைச் சந்தைக்கும் தண்ணீருக்கும் மட்டுமா எடுத்தார்கள்? சும்மா போய் வரவும் எடுத்தார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியிராத அரை மணி நேரம் அவர்களுக்கு அதற்குமுன் கிடைத்ததே இல்லை. சைக்கிள் சுற்றுலா என்று நான் பேசுவதெல்லாம் அந்த அரை மணி நேரத்தின் நீட்சிதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அந்தப் பெண்பிள்ளைகளின் சைக்கிள் தம்பிக்கோ அப்பாவுக்கோ போய்விடுகிறது. அவர்களுக்கு ஸ்கூட்டி வரலாம், கல்யாணம் வரலாம். பத்துப் பிள்ளைகள் சேர்ந்து கலசப்பாக்கத்திலிருந்து ஜவ்வாது மலையடிவாரம்வரை ஒரு சனிக்கிழமை போய் வர ஒரு பள்ளிக்கூடம் ஏற்பாடு செய்தால், அந்தச் சைக்கிள் அவர்களோடு இன்னும் கொஞ்ச காலம் இருக்கும் என்று தோன்றுகிறது.

செய்யாறு ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாகக் கலசப்பாக்கம் வருகிறது. ரத சப்தமியன்று அண்ணாமலையாரும் உள்ளூர்த் திருமாமுடீசுவரரும் ஒன்றாக இங்கே தீர்த்தவாரி காண்கிறார்கள். கரையில் நின்று மேற்கே பார்த்தால் பருவதமலை செங்குத்தாக எழுந்து நிற்கும். சங்க இலக்கியத்தில் நவிரம் என்று வருவது இந்த மலைதான் என்கிறார்கள் அறிஞர்கள். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், 583 அடி, முழுக்க முழுக்க இந்த நிலத்துக்கான வழிகாட்டி. செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனிடம் போய்ப் பரிசில் வாங்கி வந்த கூத்தன் ஒருவன் எதிரில் வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துக் கால் வை என்கிறான். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் போ என்கிறான். எந்த ஊரில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். சேயாற்றைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறான். இன்று சைக்கிள் பயணிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இதேதான்: எங்கே ரோடு மோசம், எங்கே நாய் துரத்தும், எங்கே இட்லி நன்றாக இருக்கும். வெலோசியோவுக்கு ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் முந்தியவர், மலைபடுகடாம் பாடிய நம் பெருங்கௌசிகனார். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வெலோசியோவை மறக்கவில்லை. நாம் மலைபடுகடாத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மூடி வைத்திருக்கிறோம்.

பள்ளிகொண்டாப்பட்டு கிட்டத்தில்தான் இருக்கிறது, காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். வழியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கதைதான் பெரிது. போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் வடக்கே டெல்லிப் படையெடுப்புகளுக்குப் பிறகு திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாக வைத்திருந்தவன். கோயிலுக்குள் அவன் பேரில் வல்லாள கோபுரம் இருக்கிறது. 1340களின் தொடக்கத்தில் மதுரை சுல்தானோடு நடந்த சண்டையில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டதை நேரில் பார்த்ததாகப் பயணி இபின் பதூதா எழுதியிருக்கிறார். அவனுக்குப் பிள்ளை இல்லை, அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது ஊர் நம்பிக்கை. ஆகவே மாசி மகத்தன்று சாமியே போய் மகன் முறையில் திதி கொடுக்கிறார். அறுநூற்றெண்பது வருஷத்துக்கும் மேலான சாவு. இன்னும் ஒரு மகன் வருஷம் தவறாமல் போய் வருகிறார். அன்று அங்கே ஆற்றங்கரையில் நிற்கும் கூட்டத்தில் தங்கள் தகப்பனுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விடுகிறவர்கள் நிறைய. சைக்கிளை முன்னாலேயே எங்காவது நிறுத்திவிட்டு நடந்து போவது நல்லது.

சாமி போகாத திசைகளிலும் வழி உண்டு. கிழக்கே கீழ்பென்னாத்தூர் தாண்டிச் செஞ்சி. அங்கே மூன்று மலைக்கோட்டைகள். 1750இல் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படை அதைப் பிடித்து 1761வரை வைத்திருந்தது. 2025இல் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோட்டைக்கு எல்லோரும் போகிறார்கள். ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றுக்கு வருகிறவர்கள் குறைவு. பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில், 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமணத் துறவிக்கு எடுத்த கல்வெட்டு.

தென்மேற்கே தண்டராம்பட்டு, சாத்தனூர் பக்கம் நடுகல் பூமி. எடுத்தனூரில் கிடைத்த ஒரு நடுகல், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. கால்நடை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு விழுந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். எசமான் விழுந்தபின் அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதாம். ஆயிரத்து நானூறு வருஷமாகப் பேரோடு இருக்கிற நாய். அந்தப் பக்கத்து ஊர்களில் நாய் குரைத்துக்கொண்டு சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்தால் நான் இறங்கி நின்றுவிடுவேன். இறங்கினால் தொண்ணூறு சதவீதம் நாய்கள் நின்றுவிடும்.

சில நடைமுறை விஷயங்கள். விலை உயர்ந்த சைக்கிள் வேண்டியதில்லை. கியர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இந்தச் சமவெளிக்குப் பாதகமில்லை. டயர் மட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். ஏரிக்கரையில் கருவேல முள்ளும் நெருஞ்சியும் மெல்லிய டயரை ஒரு கை பார்த்துவிடும். கிளம்புவதற்கு முன் கடையில் கொடுத்து சக்கரத்தில் கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பம்பும் ஸ்பேர் டியூபும் கட்டாயம். கிராமத்துப் பஞ்சர் கடைகள் வேகமாக மறைந்துகொண்டிருக்கின்றன, இருக்கிறவையும் பைக்குக்குத்தான். ஆனாலும் கடையில் வயசானவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தில் விரல் வைத்து, உப்புத்தாள் தேய்த்து, சொலூஷன் தடவி, அது காயும்வரை ஊர்க்கதை பேசி, பிறகு துண்டு ஒட்டி ஒரு தட்டுத் தட்டுவார். டயரின் உள்பக்கம் விரலால் தடவி முள்ளை எடுத்து நம் கையில் கொடுத்த பிறகுதான் காசு வாங்குவார். அந்த மாதிரி ஆட்கள் அடுத்த பத்து வருஷத்தில் இருக்க மாட்டார்கள்.

ராத்திரி தங்குவதுதான் இன்னும் சரியாக அமையவில்லை. திருக்கோவிலூரிலும் செஞ்சியிலும் செங்கத்திலும் லாட்ஜ் உண்டு. கிராமத்தில் தங்க வேண்டுமென்றால் கோயில் மண்டபமும் தெரிந்தவர் திண்ணையும்தான். பிரான்சில் கால்வாய்க்கரை ஊர்களில் பழைய மதகுக்காரர் வீடுகளைக்கூடப் பயணிகள் விடுதியாக்கிவிட்டார்கள் என்று அந்த ஆசிரியை சொன்னார். நம் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சமையலில் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. ஊருக்கு ஓர் அறையும், ஒரு கேழ்வரகுக் களியும், சைக்கிளைப் பூட்டி வைக்க ஒரு கொட்டகையும் அவர்கள் பொறுப்பில் வந்தால், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வருமானம் அந்த ஊரிலேயே தங்கும். கிரிவலத்துக்கு வருகிற லட்சக்கணக்கான பேரில் நூற்றில் ஒருவர் இன்னும் ஒரு நாள் தங்கி இந்தக் கிராமங்களுக்குள் போனால்கூடப் போதும்.

வருகிற ரத சப்தமிக்குக் கலசப்பாக்கத்தில் தீர்த்தவாரி பார்த்துவிட்டு, அங்கிருந்து செய்யாற்றை எதிர்த்து மேற்கே, பருவதமலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு செங்கம்வரை போகலாம் என்று இருக்கிறேன். மலைபடுகடாத்தை ஒரு சின்னப் பதிப்பாகப் பையில் போட்டுக்கொண்டு, அதில் சொன்ன ஊர்ச் சாப்பாட்டில் எது இன்னும் மிச்சம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போகவேண்டும். மெதுவாகப் போகச் சம்மதிக்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் கூட வரலாம். காலை ஐந்தரைக்கு ராஜகோபுரத்து முன்னால், பூக்கடைப் பக்கம்.